சுவர் தந்த மரங்கள்

கட்டடப் பராமரிப்பில் வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு எதிரி உண்டு. கரையானுக்கு மருந்து இருக்கிறது, ஒழுகலுக்குப் பூச்சு இருக்கிறது. காக்காய் எச்சத்தோடு வந்து சுவர் இடுக்கில் விழும் அரச விதைக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. கடுகில் பாதிகூட இராத அந்த விதை ஒரு மழைக்கு முளைத்து, மறு மழைக்குள் செங்கல்லுக்கு நடுவே வேரை நுழைத்துவிடும். அப்புறம் அந்தச் சுவர் யாருக்குச் சொந்தம் என்பதில் அரசாங்கத்துக்கும் அதற்கும் வழக்குதான்.

அரசு, ஆல், இச்சி, அத்தி என்று அந்தக் குடும்பமே அப்படி. மைனாவும் குயிலும் கொண்டைக்குருவியும் குக்குறுவானும் பழத்தைத் தின்றுவிட்டு மாடி விளிம்பிலும் மழைநீர்க் குழாயின் வளைவிலும் வந்து உட்காரும். அவை உட்காரும் இடமெல்லாம் ஒரு கன்று. நான் அரசாங்க வேலையில் சேர்ந்த காலத்தில் சென்னையின் பழைய கட்டடங்கள் பலவற்றில் மெட்ராஸ் டெரஸ் தளம்தான். தேக்கு உத்தரங்களின் மேல் சின்னத் தளச் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய தளம். சுண்ணாம்புக் காரை சிமெண்டைப் போல முழுக்க அடைத்துக்கொள்ளாது. மழைநீரைக் கொஞ்சம் உள்ளே வாங்கி வைத்து மெல்ல விடும். மனிதர் கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தில்தான் கன்றுகள் கோடையைத் தாண்டின.

வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்த கையோடு, செடி பிடுங்கும் வேலை நடக்கும். எங்களிடம் நெடுங்காலம் வேலை பார்த்த மேஸ்திரி ஒருவர் அதில் கறாரானவர். மேலே தெரியும் செடியைக் கத்தியால் சீவிவிட்டுக் கணக்குக் காட்டுவது அவருக்குப் பிடிக்காது.

“சார், இத சீவி வுட்டா ரெண்டு மாசத்துல மறுபடி தல தூக்கும். இப்ப ஒண்ணு, அப்ப நாலு. வேரோட போனாத்தான் போச்சு” என்பார். உளி வைத்துச் சுற்றிலும் செங்கல்லைப் பெயர்த்து, வேர் போகும் வழியெல்லாம் போய், எடுக்க முடியாத இடத்தில் ஆசிட் ஊற்றி, பிறகுதான் கொத்தனாரைப் பூசவிடுவார்.

அப்படி ஒரு நாள் கைப்பிடிச் சுவரிலிருந்து அவர் பெயர்த்துப் போட்ட ஒரு இச்சிக் கன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலே சாண் உயரம்கூட இல்லை, ஆறேழு இலை. கீழே முழ நீளத்துக்கு வேர். கால் அங்குலச் சாந்து இடுக்கிலேயே வளர்ந்ததால் அந்த வேர் திரண்டு உருளாமல் பட்டையாக இருந்தது. செங்கல்லின் விளிம்பு வந்த இடத்தில் சரியாகச் செங்கோணத்தில் திரும்பியிருந்தது. மறுபடி அடுத்த வரிசைச் சாந்து, மறுபடி ஒரு திருப்பம். அடிமரத்தில் பட்டை வெளுத்து, முடிச்சிட்டு, இருபது முப்பது வயது மரத்தின் தோற்றம். கட்டடத்தின் வெள்ளையடிப்புக் கணக்கை வைத்துப் பார்த்தால் அதற்கு நாலைந்து வயதுக்கு மேல் இருக்க வழியில்லை. ஆசிட் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்த மேஸ்திரியிடம் “இது இருக்கட்டும்” என்று சொல்லி, ஈரச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டர் பெட்டியில் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொறியாளர்களிடம் இதைவிட விசித்திரமானவற்றையெல்லாம் பார்த்தவர்.

போன்சாய் என்ற பெயர் எனக்கு அப்போது தெரியும், செய்முறை தெரியாது. மலர்க் கண்காட்சி ஒன்றில் தட்டில் வைத்த ஆலமரத்தோடு நின்றிருந்த ஒரு அம்மாவை நினைவு வைத்திருந்தேன். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். விசாரித்துக்கொண்டு, சாக்கும் கன்றுமாக அவர் வீட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். கன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், வேரின் பட்டைத்தனத்தை விரலால் தடவினார்.

“பாதி வேலையை முடிச்சுட்டே வந்திருக்கு தம்பி. மீதிப் பாதியை நீங்க கெடுக்காம இருந்தா சரி” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் போன்சாயின் சூத்திரம் முழுக்க அடங்கியிருப்பது பின்னால்தான் புரிந்தது. மரத்தைக் குட்டையாக்க ஏதோ மருந்து இருக்கிறது, அல்லது குட்டை ஜாதி விதை இருக்கிறது என்று நினைப்பவர்கள் இன்றும் ஏராளம். இரண்டும் கிடையாது. காட்டில் வானளாவ நிற்கும் அதே விதை, அதே மரம். வேருக்கு இடம் குறைவு. நீளும் தளிரைக் கிள்ளிக் கிள்ளிக் கிளையைப் பிரிய வைப்பது. இரண்டே காரியம். இலை நாளடைவில் சிறுத்துக்கொடுக்கும். பூவும் காயும் சிறுக்காது. தட்டிலிருக்கும் எலுமிச்சையும் ஊறுகாய்க்கு ஆகும் அளவில்தான் காய்க்கும். சுவர் இந்த இரண்டு காரியத்தையும் யாரும் கேட்காமலே செய்திருந்தது. இடுக்கு வேரைக் கட்டுப்படுத்தியது. வருஷா வருஷம் எங்கள் ஆட்கள் தலையைச் சீவினார்கள். அரசாங்கச் செலவில் வளர்ந்த போன்சாய் அது.

சுவர் செய்யாத ஒன்று உண்டு. அது சோறு போடவில்லை. அந்த அம்மா முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். தட்டில் உள்ள மரம் பட்டினி கிடக்கக் கூடாது. பலமாக இருக்கும் மரத்தைத்தான் வெட்டலாம், வேரைக் குறைக்கலாம், கம்பி கட்டலாம். நோஞ்சான் மரத்தின் மேல் கத்திரிக்கோலை வைத்தால் அது போய்ச்சேரும். கடலைப் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிவை எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்க ஊற்றுவார். அந்த மாடியின் வாடைக்குப் பழக எனக்குச் சில மாதங்கள் ஆயின.

அடுத்தது மண். தோட்டத்து மண்ணைத் தட்டில் போட்டால் இறுகிப் பாறையாகிவிடும். வேருக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் வடியாது. எனவே தட்டில் போடுவது மண்ணே அல்ல என்று சொல்லலாம். உடைத்த செங்கல் ஜல்லி, பருமணல், கொஞ்சம் மக்கிய தொழுவுரம். அந்த அம்மாவிடம் கற்ற மற்ற மாணவர்கள் செங்கல்லுக்கு அலைந்தபோது எனக்கு மட்டும் பஞ்சமே இல்லை. இடிபடும் கட்டடம் எல்லாம் என் உரக்கிடங்கு. சூளையில் நன்றாக வெந்த செங்கல்லாக இருக்க வேண்டும். தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். அரைவேக்காட்டுச் செங்கல் இரண்டு மழையில் கரைந்து களியாகி வடிகாலை அடைக்கும். உடைத்ததை முதலில் பெரிய கண் சல்லடையில் சலித்துக் கட்டியைத் தள்ளி, பிறகு சின்னக் கண்ணில் சலித்துத் தூளைத் தள்ளி, நடுவில் நிற்கும் 2 முதல் 5 மில்லிமீட்டர்ப் பருக்கையை மட்டும் எடுத்துக்கொள்வேன். கான்கிரீட்டுக்கு ஜல்லி சலிக்கும் அதே கணக்கு. வேலையில் கற்ற படிப்பு வீட்டில் இப்படியொரு மூலையில் பயன்பட்டது.

தட்டின் துளைமேல் பிளாஸ்டிக் வலைத் துண்டு. அதன் வழியாகக் கீழிருந்து மேலே ஒரு கம்பி வந்து வேர்க்கட்டைத் தட்டோடு சேர்த்துப் பிடிக்கும். காற்றில் மரம் அசைந்தால் புதுவேர் அறுந்துபோகும் என்பதால் இந்தக் கட்டு. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, பொதுவாக மாசி பங்குனியில் புதுத் தளிர் வரும் சமயமாக, மரத்தைத் தூக்கி, தட்டைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் வேரில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து, புதுக் கலவையில் வைக்க வேண்டும். வேர் குறைந்த அளவுக்கு மேலேயும் கிளையைக் குறைக்க வேண்டும். பிறகு சில வாரம் நிழல்.

இவையெல்லாம் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. தண்ணீர் அப்படி இல்லை. தண்ணீர் ஊற்றக் கற்கவே மூன்று வருஷம் என்று ஜப்பானில் சொல்வார்கள் என்று அந்த அம்மா சொன்னபோது, மிகைப்படுத்துகிறார் என்றுதான் நினைத்தேன். பூவாளியைச் சாய்ப்பதில் என்ன பாடம்? சென்னையில் ஒரு கத்திரி வெயில் காலத்தைத் தாண்டியதும் கேள்வி அடங்கிப்போனது. இரண்டு அங்குல ஆழத் தட்டு; உள்ளே ஒரு பெரிய சொம்பு தண்ணீர் நிற்கலாம், அவ்வளவுதான். காலை ஏழு மணிக்கு ஊற்றியது மத்தியானம் மேல்காற்று அடித்தால் மூன்று மணிக்குக் காலி. கடல்காற்று ஏறிவிட்ட நாளில் அதே தண்ணீர் சாயங்காலம் வரை நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் பூவாளியைத் தொடவே வேண்டாம். தொட்டால் வேர் அழுகும். புளிக்கு ஒரு அளவு, இச்சிக்கு ஒரு அளவு, காகிதப்பூவைக் கொஞ்சம் வாட விட்டால்தான் பூக்கும். எனவே வரிசையாக எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஊற்றிக்கொண்டே போகிறவர் மரம் வளர்ப்பதில்லை, தரை நனைக்கிறார் என்பது அந்த அம்மாவின் கட்சி. தட்டைக் கையால் தூக்கி எடை பார்க்க வேண்டும். மேல் ஜல்லியின் நிறம் பார்க்க வேண்டும். ஈரச் செங்கல் கறுஞ்சிவப்பு, காய்ந்தது வெளிர் ஆரஞ்சு. ஊற்றினால் அடித்துளை வழியே ஓடும்வரை ஊற்ற வேண்டும். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒருமுறை.

வீட்டில் எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது. நான் தொடர்ந்து கொண்டுவந்தவற்றில் அரசங்கன்றுகளும் இருந்தன. “அரசமரம் இருக்க வேண்டிய இடம் குளத்தங்கரை. பிள்ளையார் இருக்கணும், ஜனம் சுத்தணும். பால்கனியில துணி காயப் போடற இடத்துல அதை வைக்கிறதாவது?” என்றாள் என் மனைவி. அவள் பெரியப்பா ஒருபடி மேலே போய், குட்டை மரம் வைத்த வீட்டில் குடும்பம் வளராது என்று வாஸ்துவை எடுத்து வைத்தார். வாஸ்துவுக்கு என்னிடம் பதில் இல்லை. அரசுக்கு இருந்தது, ஏனென்றால் அரசே என்னோடு ஒத்துழைக்கவில்லை. கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி அதிகம். இலை சிறுத்தாலும் நீண்ட காம்பில் ஆடிக்கொண்டே இருக்கும். கிளையின் வடிவம் கண்ணில் நிற்காது. வெட்டிய கிளை நுனியிலிருந்து பின்னோக்கிக் காய்ந்துகொண்டே வந்தது. அவற்றை எங்கள் பேட்டைக் கோயில் குளத்தோரம் மண்ணில் நட்டுவிட்டேன். இச்சியைப் பற்றி எந்தச் சாஸ்திரமும் ஒன்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்று மனைவியே தீர்ப்புச் சொன்னாள்.

அந்தத் தீர்ப்பு தோட்டக்கலைப்படியும் சரி. சிற்றிலை கொண்ட இச்சிக்கு இணையான போன்சாய் மரம் நம் ஊர் வெப்பத்துக்குக் கிடையாது. எங்கே வெட்டினாலும் துளிர்க்கும். வெட்டினால் வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும், காயம் ஓரிரு வருஷத்தில் மூடிக்கொள்ளும். நல்ல பலத்தில் இருக்கும்போது இலைகளையெல்லாம் காம்பை மட்டும் விட்டுக் கத்தரித்தால், அடுத்து வருவது பாதி அளவில் வரும். இலையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே குடியிருக்கும் பேன்தான் அதற்கு ஒரே தொல்லை; சுருண்ட இலையைக் கிள்ளி எரித்து, வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் அடித்தால் கட்டுப்படும். இச்சிக்கு அடுத்தபடி புளி. இலை ஏற்கெனவே பொடி இலை, அந்தியில் கூம்பி விடியலில் விரியும், பட்டை சீக்கிரமே வெடித்து முதுமை காட்டும். ஆனால் அடிமரம் பருக்கப் பொறுமை வேண்டும். காகிதப்பூவின் முற்றிய கிளை வளைத்தால் முறியும் என்பதால் பச்சையாக இருக்கும்போதே வடிவம் பிடிக்க வேண்டும்.

கம்பி கட்டுவது எனக்குப் பிடித்த வேலை. கடைகளில் அலுமினியக் கம்பி விற்கிறார்கள். நான் பழைய கட்டடங்களின் மின் வயரிங்கை உரித்தெடுத்த செம்புக் கம்பியைப் பயன்படுத்தினேன். அடுப்பில் பழுக்கக் காட்டி ஆறவிட்டால் செம்பு இளகி, விரலால் வளையும். கிளையில் சுற்றி வளைத்த பிறகு விறைத்து நின்றுவிடும். கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள கம்பி, நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் சுற்று. பைன் மரத்தில் மாதக்கணக்கில் விட்டுவைப்பார்களாம். நம் வெயிலில் இச்சி வளரும் வேகத்துக்குச் சில வாரத்திலேயே கம்பி பட்டைக்குள் அழுந்த ஆரம்பித்துவிடும். சுற்றி உருவாமல், வெட்டி வெட்டி எடுக்க வேண்டும்.

எந்த வடிவத்துக்கு வளைப்பது? இங்கேதான் அந்த அம்மா கண்டிப்பானவர். ஜப்பானியப் புத்தகத்துப் பைன் படத்தை வைத்துக்கொண்டு இச்சியை அடுக்கடுக்காக வளைக்க முயன்ற என் சக மாணவர் ஒருவரிடம், “அடையாறு ஆலமரத்தைப் பாத்துட்டு வாங்க, அப்புறம் கம்பியைத் தொடலாம்” என்றார். நானும் கூடப் போனேன். பிரம்மஞான சபைத் தோட்டத்தின் அந்தப் பெரிய மரத்துக்கு 1989 புயலில் நடு மரமே சாய்ந்துவிட்டது. மரம் சாகவில்லை. சுற்றிலும் இறங்கியிருந்த விழுதுகள் அதைத் தாங்கிக்கொண்டன. நம் மரத்தின் அழகும் பலமும் அகலத்தில் இருக்கிறது, விழுதில் இருக்கிறது என்பதை அங்கே நின்று பார்த்தபின் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என் இச்சிக்கு விழுது இறங்கியது வடகிழக்குப் பருவமழையில். காற்றில் ஈரம் ஏறி நிற்கும் அந்த மாதங்களில் கிளையின் அடிப்புறத்தில் வெளிர்ச் சிவப்பு முனையோடு மயிரிழை வேர்கள் எட்டிப்பார்க்கும். தை பிறந்து காற்று உலர்ந்ததும் கருகிவிடும். கருகாமல் மண்வரை கொண்டு சேர்க்க ஒரு வழி உண்டு. குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ராவை நீளவாட்டில் கீறி, வேரை உள்ளே விட்டு, ஈரமான தேங்காய் நார்த்தூளை அடைத்து, அடி நுனியை ஜல்லியில் செருகி நிறுத்த வேண்டும். வேர் குழாய்க்குள்ளேயே இறங்கி மண்ணைத் தொடும். தொட்ட சில வாரத்தில் அதுவரை தொளதொளவென்று கிடந்தது விறைத்து இழுபடுவதைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு அது வேர் இல்லை, தூண். கட்டடக்காரனுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் காட்சி வேறு எது?

“மரத்தை இப்படிச் சித்திரவதை செய்யலாமா?” என்று கேட்காத விருந்தாளி குறைவு. அவர்களிடம் மேஸ்திரியின் ஆசிட் பாட்டிலைப் பற்றிச் சொல்வேன். என்னிடமுள்ள மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு விதிக்கப்பட்டிருந்தது அதுதான். தவிர, வதைபடும் உயிர் நூற்றாண்டுக்கணக்கில் வாழாது. வாஷிங்டன் தேசியத் தாவரப் பூங்காவில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625லிருந்து தட்டில் வளர்க்கப்பட்டு வருவது. ஹிரோஷிமாவில் யமாகி என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, 1976ல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகத் தந்தது. 1945ல் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த நாற்றங்காலில் அது தப்பியிருக்கிறது என்பது, 2001ல் அந்தக் குடும்பத்துப் பேரன்கள் வந்து சொன்ன பிறகுதான் அமெரிக்கர்களுக்கே தெரியும். தப்பியதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது நாற்றங்காலைச் சுற்றியிருந்த உயரமான மதில். சுவருக்கும் போன்சாய்க்கும் உள்ள உறவை வேறெவர் மறந்தாலும் நான் மறக்க முடியாது.

ஓய்வு பெற்றபின் ஜப்பானைப் பார்க்க வாய்த்தது. மகள் டோக்கியோவில் நிஷிகசாயில் இருந்தாள். அந்த எடொகாவா வட்டாரத்தில்தான் நம் ஊர்க் கம்ப்யூட்டர் குடும்பங்கள் ஏராளமாகக் குடியிருக்கின்றன. அதே வட்டாரத்தில்தான் குனியோ கோபயாஷி என்ற புகழ்பெற்ற கலைஞர் 2002ல் திறந்த ஷுன்காஎன் போன்சாய் அருங்காட்சியகமும் இருக்கிறது. பேரனை மாவுப்பால் கரைத்துக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு நான் அங்கே போய்விடுவேன். ஒரு இளைஞன் பைன் மரத்தின் முன் குந்தி உட்கார்ந்து, சாமணத்தால் பழைய ஊசியிலைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். மதியம் போகும்போது பார்த்த கிளையிலிருந்து சாயங்காலம் அடுத்த கிளைக்குப் போயிருந்தான். குருவிடம் ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் ஒருவன் தொழில் கற்றவனாகக் கருதப்படுவான். அவர்கள் தட்டில் போடும் அகடாமா என்னும் எரிமலை மண் உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஈரத்தில் நிறம் மாறுவது, தண்ணீரைப் பிடித்துவைத்து மிச்சத்தை வடியவிடுவது எல்லாம் என் செங்கல் ஜல்லியின் குணமேதான்.

சைத்தாமா மாவட்டத்து ஒமியா போன்சாய் கிராமம் என் தொழிலோடு இன்னும் நெருக்கமானது. 1923 செப்டம்பர் 1ஆம் தேதி டோக்கியோவை நொறுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின், நகருக்குள் இருந்த போன்சாய்த் தோட்டக்காரர்கள் நல்ல மண்ணும் தண்ணீரும் காற்றும் தேடி 1925ல் அங்கே குடியேறினார்கள். 1928ல் ஊர்க்கட்டுப்பாடு வகுத்தார்கள். குடியிருப்பவர் ஒவ்வொருவரிடமும் பத்து போன்சாயாவது இருக்க வேண்டும். வாசல் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். சுற்றுச்சுவருக்குப் பதில் உயிர்வேலி. மாடி வீடு கட்டக் கூடாது. கடைசி விதியின் காரணம் எனக்கு ஒருவரும் விளக்காமலே விளங்கியது. மாடி எழும்பினால் பக்கத்து வீட்டு மரத்துக்கு வெயில் போய்விடும். மரத்துக்காகக் கட்டட விதி எழுதிய ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை. இப்போது தோட்டங்கள் சிலவே எஞ்சியிருக்கின்றன. 2010ல் திறந்த அருங்காட்சியகம் அருகிலேயே இருக்கிறது. தெருக்களுக்கு மேப்பிள், செர்ரி என்று மரங்களின் பெயர்.

அங்கேயுள்ள விலைமதிப்பில்லாத ஜூனிபர் மரங்களில் பல, நர்சரியில் பிறந்தவை அல்ல. நீகாத்தா மாவட்டத்தின் இத்தோய்காவா மலைப்பக்கம் செங்குத்துப் பாறை இடுக்குகளில், காற்றும் பனியும் முறுக்கி வளர்த்தவற்றைக் கயிற்றில் தொங்கிப் பெயர்த்து வந்திருக்கிறார்கள். விழுந்து உயிர்விட்டவர்களும் உண்டு. அவர்களுக்குப் பாறை, நமக்குக் கைப்பிடிச் சுவர். சாரத்தில் ஏறி நின்ற என் மேஸ்திரி அந்த மலைக்காரர்களின் ஜாதிதான், அவருக்குத்தான் அது தெரியாது.

ஊர் திரும்பிய பிறகு இரண்டு பரீட்சைகள். 2016 டிசம்பர் 12 வர்தா புயல். முதல் நாள் இரவே தட்டுகளையெல்லாம் மேடையிலிருந்து இறக்கி, கைப்பிடிச் சுவரின் காற்று மறைவில் தரையில் நெருக்கி வைத்திருந்தேன். மறுநாள் எங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. கான்கிரீட்டாலும் தாராலும் அடைபட்ட நடைபாதையில் அவற்றின் வேர் ஆழமாகப் போகவே இல்லை. பெரிய தொட்டியில் வைத்த மரங்கள்தான் அவையும். நாம் பராமரிக்காத தொட்டி.

அடுத்தது 2019 கோடை. சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருஷம். குடிக்கவே லாரிக்குக் காத்திருக்கும்போது மரத்துக்கு ஊற்றுகிறேன் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. ஆழ்துளைக் கிணற்றில் மிச்சமிருந்தது உப்பு. தட்டின் விளிம்பெல்லாம் வெள்ளை பூத்தது. அரிசி களைந்த தண்ணீரைப் பிடித்தோம். போதவில்லை. ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இருக்காது என்பது நினைவுக்கு வந்தது. எங்கள் அடுக்குமாடியில் இரவு முழுக்க ஏசி ஓடும் வீடுகளின் குழாயடியில் வாளி வைக்க அனுமதி கேட்டேன். காலையில் ஏழெட்டு வாளி சேரும். அந்தக் கோடையை மரங்கள் அண்டை வீட்டாரின் தூக்கத்தில் தாண்டின.

அதே 2019 தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. சைத்தாமாவின் கவாகுச்சியில் ஒரு தம்பதியின் தோட்டத்திலிருந்து ஏழு போன்சாய்கள் திருட்டுப் போயின. அவற்றில் ஒன்று நானூறு வயது ஜூனிபர். பறிகொடுத்தவர்கள் திருடர்களைச் சபிக்கவில்லை. மரத்துக்குத் தயவுசெய்து தண்ணீர் ஊற்றுங்கள் என்று கெஞ்சி எழுதினார்கள். செய்தியைப் படித்த நண்பர்கள் சிரித்தார்கள். தண்ணீர் ஊற்றக் கற்றவர்களுக்குச் சிரிப்பு வராது. நானூறு வருஷம் வாழ்ந்த மரத்துக்கும் இன்றைய தண்ணீர் இன்றைக்குத்தான்.

எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை எங்கே வாங்கலாம், என்ன விலை என்பவைதான். என் பதில் இதுதான். குளிர்நாட்டு ஜூனிபரை ஏசி அறை மேஜைக்காக வாங்காதீர்கள்; சென்னையில் அது தவணை முறையில் சாகும். மேலே கூழாங்கல்லை ஒட்டி அழகு காட்டும் தட்டையும் வாங்காதீர்கள். தண்ணீர் உள்ளே போகாது. உங்கள் வீட்டுக் கைப்பிடிச் சுவரிலோ, இடிக்கப்போகும் பக்கத்து வீட்டிலோ ஒரு இச்சி கட்டாயம் இருக்கும். சொந்தக்காரரைக் கேட்டு, சுவர் கெடாமல், வேரோடு எடுங்கள். அவருக்கும் நன்மை, உங்களுக்கும் நன்மை. காசு கொடுத்து வாங்க வேண்டியது தட்டு ஒன்றுதான்.

எடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு மட்டும் விடை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கல்யாணம், காரியம் என்று ஊருக்குப் போகிற நாளில் யார் வந்து தண்ணீர் ஊற்றுவார்? நம்பகமான ஒரு ஆள் பெயர் உடனே வாயில் வந்தால் இன்றைக்கே உளியை எடுக்கலாம். வராவிட்டால், கன்று சுவரிலேயே இருக்கட்டும்.